ஆல்டரும் டக்ளஸ் ஃபரும்: ஊசியிலைக் காட்டில் கலப்பு நடவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலையில் துவரையை ஊடுபயிராகப் போட்டால் மண்ணுக்கு நல்லது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே கணக்கு 60 மீட்டர் உயரம் போகும் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்துக்கும் பொருந்துமா என்பதுதான் இங்கே கேள்வி. அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களில் இதைப் பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வேறொரு வழியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நாடுகளிலிருந்து வருபவை.

கலப்பு நடவு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஓரத்தில் நாலு மரம் வேறாக இருந்தால் போதுமா?

போதாது. இரண்டு இனங்களின் வேரும் சருகும் ஒரே மண்ணில் கலக்க வேண்டும். வரிசை மாற்றி வரிசை நடலாம், ஒரே வரிசையில் ஒன்று விட்டு ஒன்று நடலாம், சிறு சிறு திட்டுகளாகவும் நடலாம். திட்டு பெரிதாகிவிட்டால் நடுவில் நிற்கும் மரத்துக்குப் பக்கத்து இனம் இருப்பதே தெரியாது. அது இரண்டு தனிப்பயிர் ஒட்டி நிற்பது, அவ்வளவுதான்.

காட்டு மரத்துக்குச் சத்துப் பற்றாக்குறையா? காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?

யாரும் போடவில்லை, அதனால்தான் பற்றாக்குறை. ஊசியிலை மரங்களின் சருகு மெழுகும் பிசினுமாக இருக்கும், லேசில் மட்காது. குளிர் நாட்டில் மண்ணும் சில்லென்று கிடப்பதால் மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். தரையில் சாண் கனத்துக்குச் சருகு மெத்தை இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) முழுக்க அதில் பூட்டிக் கிடக்கும். மரம் சேமிப்பின் மேலேயே நிற்கிறது, எடுத்துச் செலவழிக்கத்தான் முடியவில்லை.

இதில் காட்டுத் தீயும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தீயில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் பெரும்பாலும் சாம்பலாகத் தரையில் தங்கும். தழைச்சத்து அப்படித் தங்காது, வாயுவாகிப் போய்விடும். இரண்டு முறை எரிந்த மலைச்சரிவில் டக்ளஸ் ஃபர் நட்டால் கன்று சாகாது, ஆனால் வளரவும் செய்யாது. ஊசிகள் குட்டையாக, வெளிறிய மஞ்சள் பச்சையில் இருக்கும்.

ஆல்டர் அதற்கு என்ன செய்கிறது?

சிவப்பு ஆல்டர் வடமேற்கு அமெரிக்காவின் கடற்கரை மலைகளில் தானாக முளைக்கும் இலையுதிர் மரம். பட்டை வெளியே சாம்பல் நிறம். கத்தியால் கீறினால் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறும், பெயர் அதனால் வந்தது. இளங்கன்றைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் அங்கங்கே பவளக் கொத்துபோல் ஆரஞ்சு நிற முடிச்சுகள் ஒட்டியிருக்கும். அதற்குள் குடியிருப்பது ஃப்ராங்கியா என்ற பாக்டீரியா. துவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் ரைசோபியம் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது.

இந்தத் தழைச்சத்து பக்கத்து மரத்துக்கு எப்படிப் போகிறது? பெரும்பகுதி சருகு வழியாகத்தான். சாதாரணமாக இலையுதிர் மரங்கள் இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள தழைச்சத்தைக் கிளைக்குத் திருப்பி இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் இலை மஞ்சளாகிறது. ஆல்டருக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. தழைச்சத்துதான் வீட்டிலேயே தயாராகிறதே! இலையைப் பச்சையாகவே கீழே போட்டுவிடும். அந்தச் சருகு ஊசியிலைச் சருகைவிட மிக வேகமாக மட்கும்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். இளமையும் நெருக்கமும் உள்ள ஆல்டர் தோப்பில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோ தழைச்சத்து என்பது ஆச்சரியமான எண் இல்லை. கலப்பு நடவில் ஆல்டரின் பங்கு குறையக் குறைய இதுவும் குறையும். நம் கணக்கில் சொன்னால், 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20.7 கிலோ தழைச்சத்து. ஆக 100 கிலோ என்பது ஹெக்டேருக்கு ஏறக்குறைய 5 மூட்டை, ஏக்கருக்கு 2 மூட்டை. வருடா வருடம், கூலி இல்லாமல்.

சவுக்கும் ஊசியிலை மரம்தானே? அதுவும் காய் கூம்பு மாதிரி இருக்கிறதே?

நிறையப் பேர் கேட்பது இது. இல்லை. சவுக்கு பூக்கும் தாவரம். ஊசி மாதிரித் தெரிவது இலையே இல்லை, கணுக்கணுவாக உள்ள பச்சைச் சிறுகிளை. ஒரு கணுவைப் பிய்த்துப் பார்த்தால் சுற்றிலும் பல்போலச் சின்னச் செதில்கள் இருக்கும், இலை என்பது அதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையில் சவுக்குக்குப் பொருத்தமான இடம் ஃபர் பக்கம் இல்லை, ஆல்டர் பக்கம். அதன் வேர் முடிச்சிலும் இருப்பது ஃப்ராங்கியாதான். வெறும் கடற்கரை மணலில் சவுக்கு நிமிர்ந்து வளர்வதற்கு அது முக்கியமான காரணம். ஆல்டரின் காயும் குட்டிக் கூம்பு மாதிரியேதான் இருக்கும், அதையும் பார்த்து ஏமாற வேண்டாம்.

கலந்து நட்டால் ஃபர் நன்றாக வளரும் என்பதற்கு என்ன ஆதாரம்?

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம் வாஷிங்டன் மாநிலத்தின் தெற்கில் உள்ள விண்ட் ரிவர். 1902இல் யாகோல்ட் பெருந்தீயில் அந்தப் பகுதி எரிந்தது. 1927இல் மறுபடி எரிந்தது. 1929இல் டக்ளஸ் ஃபர் நட்டார்கள். மூன்றாவது தடவையும் எரிந்துவிடக் கூடாதே என்று, 1933இல் அந்த நடவின் நடுவே நீளப் பட்டையாக ஆல்டர் கன்றுகளை ஊடே வைத்தார்கள். ஈரப்பசையுள்ள இலையுதிர் மரம் தீயைத் தடுக்கும் என்பது எண்ணம். மண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆராய்ச்சியாக ஆரம்பித்ததே இல்லை, தீத்தடுப்புப் பட்டைதான்.

ஆண்டுகள் போகப் போக அந்தப் பட்டைக்குள் இருந்த ஃபர் மரங்கள் வெளியே இருந்தவற்றைவிடக் கருகருவென்று பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. அளந்து பார்த்தால், பட்டைக்குள் மேலோங்கி நின்ற ஃபர்கள் உயரத்திலும் விட்டத்திலும் முந்தியிருந்தன. ஊசியில் தழைச்சத்து விழுக்காடும் கூடுதல், மண்ணிலும் கூடுதல். ஆல்டர் இடத்தைப் பிடித்ததால் ஃபர் மரங்களின் எண்ணிக்கை அங்கே குறைவு. ஆனாலும் ஃபர் மரக்கட்டையின் மொத்த அளவு தனி ஃபர் பகுதிக்குக் குறையவில்லை. ஆல்டர் கட்டை அதற்கு மேல் லாபம்.

சரி, அப்படியானால் எல்லா ஃபர் தோப்பிலும் ஆல்டரை நட்டுவிடலாமே?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இதே ஆல்டரை ஒரிகன் கடற்கரையில், காஸ்கேட் ஹெட் என்ற இடத்தில் பாருங்கள். கடல் மூடுபனி, நல்ல மழை, மட்கு நிறைந்த கரிய மண். தழைச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத நிலம். அங்கே 1930களிலிருந்து தனி ஊசியிலைத் தோப்பு, தனி ஆல்டர் தோப்பு, கலப்புத் தோப்பு மூன்றையும் அளந்து வருகிறார்கள். கலப்பில் ஊசியிலை மரங்கள் தனியாக இருந்ததைவிடக் குறைவாகவே வளர்ந்தன. ஆல்டர் அங்கேயும் தழைச்சத்தைச் சேர்க்கத்தான் செய்தது. ஏற்கனவே இருக்கும் பொருளைக் கொண்டுவந்து கொட்டினால் யாருக்கு என்ன பயன்? ஃபருக்குத் தட்டுப்பாடாக இருந்தது வெளிச்சம். அதை ஆல்டர் பிடுங்கிக்கொண்டது.

விண்ட் ரிவரில் நிரம்பிய பானை காஸ்கேட் ஹெட்டில் வழிந்துவிட்டது. ஜோடி ஒன்றே, முடிவு மட்டும் நேர் எதிர். இரண்டு இடத்திலும் 70 ஆண்டுக்குக் குறையாத அளவுகள் இருப்பதால் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. "கலப்பு நல்லதா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மண்ணில் எது குறைவு?

எப்போது, எப்படி நட வேண்டும்?

ஆல்டர் ஆரம்பத்தில் ஓடும் குதிரை. நல்ல மண்ணில் 5 வயதில் 9 மீட்டர் போய்விடும். டக்ளஸ் ஃபர் அந்த வயதில் ஆளுயரத்தைத் தாண்டியிருந்தாலே பெரிது. இரண்டையும் ஒரே நாளில் நட்டால் ஃபர் நிழலில் மாட்டிக்கொள்ளும். டக்ளஸ் ஃபர் கொஞ்ச நிழலைத் தாங்கும், ஆனால் தலைக்கு மேல் கூரை போட்டால் பிழைக்காது.

விண்ட் ரிவரில் ஃபருக்கு 4 ஆண்டு முன்தொடக்கம் கிடைத்தது. திட்டமிடாமல் கிடைத்த அதிர்ஷ்டம், ஆனால் பாடம் அதில்தான் இருக்கிறது. ஃபரை முதலில் வைத்து, அது காலூன்றிய பிறகு ஆல்டரைக் கொண்டுவர வேண்டும். அல்லது சேர்த்து நட்டாலும் ஆல்டரின் எண்ணிக்கையைக் குறைத்து, ஃபருக்கு மேலே வானம் தெரியும்படி இடம் விட வேண்டும். கவனிப்பு இல்லாத கலப்பு நடவில் 20 ஆண்டு கழித்துப் போனால் பெரும்பாலும் ஆல்டர் தோப்பைத்தான் பார்ப்பீர்கள்.

ஒரு ஆறுதல்: ஆல்டருக்கு ஆயுசு குறைவு. 100 வயதைத் தொடும் ஆல்டர் அபூர்வம். டக்ளஸ் ஃபர் 500 ஆண்டு தாண்டியும் நிற்கும். ஆரம்ப ஓட்டத்தில் தப்பிவிட்டால் அப்புறம் வானம் ஃபருக்குத்தான்.

வேர் முடிச்சு இல்லாத மரத்தோடு கலந்தாலும் பலன் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இது. ஸ்காட்லாந்தின் புதர்க்காட்டு மேடுகளில் ஸிட்கா ஸ்ப்ரூஸ் நட்டார்கள். அதுவும் வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஊசியிலை மரம்தான். 1831இல் டேவிட் டக்ளஸ் என்ற தாவர சேகரிப்பாளர் பிரிட்டனுக்கு அனுப்பியது. டக்ளஸ் ஃபர் என்ற பெயரிலிருக்கும் அதே டக்ளஸ். நட்ட கன்றுகள் சில வருடம் வளர்ந்துவிட்டு, அப்படியே நின்றுபோயின. வருடத்துக்கு விரற்கடை அளவுகூட நீளாமல், மஞ்சளடித்து, பத்து வருடம் கழித்தும் இடுப்பளவில் நிற்கும். வனத்துறைக்காரர்கள் இந்த நிலைக்கு 'செக்' (தடைபட்டு நிற்பது) என்று பேர் வைத்தார்கள்.

காரணம், சுற்றியிருந்த ஹெதர் என்ற குட்டைப் புதர். மட்காத கரிமண்ணிலிருந்து தழைச்சத்தை உறிஞ்ச அதன் வேர்ப்பூஞ்சைக்குத் தெரியும், ஸ்ப்ரூஸுக்கு மிச்சம் வைக்காது. ஸ்ப்ரூஸின் வேரில் ஒட்டி வாழ வேண்டிய பூஞ்சைகளையும் ஹெதர் ஒடுக்குகிறது.

ஆனால் பைனோ ஜப்பானிய லார்ச்சோ பக்கத்தில் நடப்பட்ட ஸ்ப்ரூஸ் மட்டும் தலையெடுத்து வளர்ந்தது. பைனும் லார்ச்சும் அதே வறிய மண்ணில் சமாளித்துக்கொள்ளும். சீக்கிரம் நிழல் விரித்து ஹெதரை ஒடுக்கும். அதோடு கதை முடியவில்லை: மருந்தடித்து ஹெதரை மட்டும் கொன்ற இடத்தைவிடக் கலப்பில் தழைச்சத்து நிலைத்துக் கிடைத்தது. பைனின் வேர்ப்பூஞ்சைகள் கரிமண்ணில் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தைத் திறந்துவிடுவதும், அதில் ஒரு பங்கு ஸ்ப்ரூஸுக்கும் எட்டுவதும் முக்கியமான விளக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆல்டர் வெளியிலிருந்து சத்தைக் கொண்டுவருகிறது. பைன் உள்ளே பூட்டியிருப்பதைத் திறக்கிறது. இதைத் தாதி மரம் என்றே சொல்லலாம், ஆங்கிலத்திலும் அதற்கு அப்படித்தான் பேர்.

தாதியைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. லாட்ஜ்போல் பைனில் அலாஸ்கா விதையிலிருந்து வந்தது மெதுவாக வளரும். ஸ்ப்ரூஸ் தேறியதும் அதை முந்தும், பைன் நிழலில் தானாகவே மடியும். யாரும் வெட்ட வேண்டியதில்லை. அதே இனத்தில் தெற்குக் கடற்கரை விதையை வாங்கினால் அது ஸ்ப்ரூஸையே அமுக்கிவிடும். இனம் சரியாக இருந்தும் விதை வந்த ஊர் தப்பினால் நடவே கெடுகிறது.

மரத்துக்குச் சத்து போதுமா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

மண்ணைவிட ஊசி நம்பகமான சாட்சி. மரம் ஓய்வில் இருக்கும் இலையுதிர் கால முடிவிலோ குளிர்காலத்திலோ, மேல் பகுதியில் வெயில் படும் கிளையிலிருந்து அந்த ஆண்டின் ஊசிகளை மட்டும் பறிக்க வேண்டும். காய வைத்து, அரைத்து, ஆய்வகத்தில் பார்ப்பார்கள். ஸிட்கா ஸ்ப்ரூஸில் உலர் எடையில் தழைச்சத்து 1.2 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பஞ்சம், 1.5 விழுக்காடு இருந்தால் திருப்தி என்பது பிரிட்டனில் புழங்கும் அளவுகோல். கீழ்க்கிளையிலோ போன வருட ஊசியிலோ பறித்தால் இந்த எண்கள் செல்லாது.

விழுக்காட்டை மட்டும் பார்ப்பதும் தப்பு. கலப்பு நடவில் மரம் வேகமாக வளர்ந்து ஊசிகள் பெரிதானால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) விழுக்காடு குறைந்த மாதிரித் தெரியலாம். பாலில் தண்ணீர் சேர்ந்த கதை. மொத்த மணிச்சத்து கூடியே இருக்கும், ஊசி அதைவிட அதிகமாகப் பெருத்திருக்கும். அதனால் 100 ஊசியின் எடையையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். ஊசி எடையும் குறைந்து விழுக்காடும் குறைந்தால்தான் அது உண்மையான பற்றாக்குறை.

ஆல்டரால் கெடுதலே இல்லையா?

இருக்கிறது. மண்ணில் தழைச்சத்து மிஞ்சினால் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகும். நைட்ரேட் மழைநீரோடு கீழே இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பல காலம் ஆல்டர் நின்ற மண் பக்கத்து ஃபர் மண்ணைவிடப் புளிப்பாக இருப்பதை வாஷிங்டனில் அளந்திருக்கிறார்கள். தவிர, தழைச்சத்துத் தட்டுப்பாடு தீர்ந்ததும் அடுத்த தட்டுப்பாடு தலைகாட்டும், அது பெரும்பாலும் மணிச்சத்து. ஆல்டருக்கே மணிச்சத்து நிறைய வேண்டும்.

மரங்கள் வேர்ப்பூஞ்சை வழியாக ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன என்கிறார்களே?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்ட் என்ற வன ஆய்வாளரின் குழு பேப்பர் பிர்ச் என்ற இலையுதிர் மரம், டக்ளஸ் ஃபர் இரண்டின் கன்றுகளை வைத்துச் செய்த சோதனை 1997இல் வெளியானது. பிர்ச் உள்வாங்கிய கரிமத்தில் ஒரு பங்கு ஃபருக்குப் போனது என்றும், ஃபர் நிழலில் இருந்தபோது கூடுதலாகப் போனது என்றும் காட்டினார்கள். நல்ல சோதனைதான். அதிலிருந்து "தாய் மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது" என்கிற அளவுக்குக் கதை வளர்ந்தது வேறு விஷயம். அந்தப் பெரிய கதைக்குக் காட்டில் கிடைத்த ஆதாரம் மெலிந்தது என்று 2023இல் வேறு ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். நடவு செய்பவர் இதை நம்பி ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. சருகு, நிழல், வேரின் ஆழம் ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்கலாம்.

நோய், பூச்சிக்குப் பலன் உண்டா?

சில இடங்களில் நன்றாகவே உண்டு. டக்ளஸ் ஃபரைக் கொல்லும் ஒரு வேரழுகல் பூஞ்சை வேரிலிருந்து வேருக்குப் பரவும். ஆல்டரை அதனால் தொட முடியாது. அதனால் நோய் கண்ட திட்டுகளில் ஆல்டர் நடச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் 2018 வறட்சிக்குப் பிறகு தனி ஸ்ப்ரூஸ் காடுகளைப் பட்டை வண்டு பெரிய அளவில் தின்று தீர்த்ததும், பீச் என்ற இலையுதிர் மரத்தோடு கலந்து நடும் பேச்சு அங்கே வலுத்தது. அந்த ஜோடியிலும் இதே நியாயம்தான்: வறிய மண்ணில் பீச் ஸ்ப்ரூஸுக்கு உதவுகிறது, வளமான மண்ணில் லாபம் பீச் பக்கம் போகிறது.

பேசாமல் யூரியாவே போட்டுவிட்டால் என்ன?

போடுகிறார்கள். வடமேற்கில் ஹெலிகாப்டரிலிருந்து யூரியா தூவுவது பழைய வழக்கம். ஹெக்டேருக்கு 224 கிலோ தழைச்சத்து என்பது வழக்கமான அளவு. ஊசி சீக்கிரமே கறுத்துப் பச்சையாகும், வளர்ச்சி சில ஆண்டு தூக்கும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். ஆல்டர் மெதுவாக ஆரம்பித்துப் பல பத்தாண்டு கொடுக்கும், ஆனால் இடம் கேட்கும். ஃபர் கட்டை ஒன்றுதான் காசு என்றால் யூரியா சுலபம். ஆல்டர் கட்டையும் இப்போது மேசை நாற்காலிக்கு நல்ல விலை போகிறது. ஒரு காலத்தில் களை என்று மருந்தடித்து ஒழித்த மரம் அது!

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் இருக்கிறதே, அங்கே இப்படிக் கலந்து நடலாமா?

வேண்டாம். அங்குள்ள பைன் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. தென்னிந்தியாவுக்கே உரிய ஊசியிலை வகை ஒன்றே ஒன்றுதான்: நாகேயா வாலிச்சியானா, அதற்கும் இலை அகலம். தழைச்சத்து பிடிக்கும் வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தை அந்த மலைகளில் நட்டதன் விளைவு என்னவென்று தெரிந்ததே, சோலைப் புல்வெளியைத் தின்றுவிட்டது. ஆல்டர் முறையை இந்தியாவில் பார்க்க வேண்டும் என்றால் நாகாலாந்தின் கொனோமாவுக்குப் போங்கள். அந்த முறையில் ஊசியிலை மரம் கிடையாது. மலைச்சரிவு வயல்களில் நேபாள ஆல்டரை ஆளுயரத்துக்கு மேல் தலைவெட்டி, அடிமரத்தை விட்டுவைத்து, இடையில் பயிர் செய்கிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து மறுபடி தளிர்த்துக்கொள்ளும்.